முத்துநகர் வயல்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்து முத்துநகரில் சூரிய மின் திட்டத்துக்காக நெல் வயல்கள் எடுக்கப்படுவதைப் பற்றி எழுதுகிறேன். 2030க்குள் எட்ட வேண்டிய ஐ.நா.வின் 17 நிலைபேண்தகு அபிவிருத்தி இலக்குகளும் வெல்ல வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் சுத்தமான மின்சாரம் என்ற ஓர் இலக்குக்காக உணவு என்ற இன்னொன்றைப் பலிகொடுத்தால் நாடு மறுபடியும் கடனில்தான் விழும்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நஞ்சில்லாத உணவு என்ற நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் விவசாயியை யாரும் கேட்கவில்லை, மாற்று உரமும் போதியளவு வரவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது முக்கிய நெற்பருவமான பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, கையில் டொலர் இல்லாத நேரம் பார்த்து அரிசி இறக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். வரிக்குறைப்பு, கொவிட் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு, சரி. ஆனால் சோறு எங்கள் வயலில் விளைந்திருந்தால் அந்த அடி இவ்வளவு வலித்திருக்காது.

எரிபொருளும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மீனவர் வீடுகளில் அது என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே சூரிய மின்சாரம் எங்களுக்கு வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்திருந்தால் நிலக்கரிக்கும் காலம் முழுக்க டொலர் தேடியிருப்போம். 2016இல் அதைக் கைவிட்டது நல்ல முடிவு.

முத்துநகரில் நடப்பது வேறு. அங்கே சூரியத் தகடுகளுக்காக விளைநிலம் போகிறது. நிலம் துறைமுக அதிகார சபையுடையது என்கிறார்கள். காணி உறுதி யார் பெயரில் இருந்தாலும் அதில் விளைவது நெல். எரிபொருளில் மிச்சம் பிடித்த டொலரை அரிசிக்குக் கொடுப்பதில் என்ன இலாபம்?

இன்னொன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்க மின்சார சபை சொன்னது. பகல் மின்சாரத்தைச் சேமிக்க வழியில்லாததால் இரவில் எண்ணெயும் நிலக்கரியும் எரிக்க வேண்டியிருக்கிறது. எனவே முதலில் தேவைப்படுவது பற்றரி. வயலை அவசரப்பட்டு எடுக்கத் தேவையே இல்லை.

அரச கட்டடக் கூரைகளையும் பயிர் செய்யாத தரிசுகளையும் முதலில் கணக்கெடுங்கள். முத்துநகர் விவசாயிகளை மேசைக்கு அழைத்து, கமநல சேவை அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் முடிவை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவர்