கேம்பிரிட்ஜும் லம்பிரிட்ஜும்

கேம்பிரிட்ஜ்,
ஜனவரி 18.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி இடையில் புகுந்து, "அக்கா அங்கே கம்ப்யூட்டரில் மாட்டைக் கொன்று தோலை விற்கிறாள்" என்று சொல்லிவிட்டான். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அன்று காலையில்தான் நம் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசியிருப்பீர்கள்; அந்த வேளையில் அந்தப் பேச்சு உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். போனில் விளக்கினால் பாதி உங்களுக்குக் கேட்காது, மீதியைத் தம்பி குழப்பிவிடுவான் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுக் கதையும் அது இல்லை.

அந்த விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். தாயத்தையோ ஆடுபுலி ஆட்டத்தையோ போல ஒருவர் வென்று இன்னொருவர் தோற்றவுடன் முடிந்துபோகிற ஆட்டம் இல்லை அது. அதற்கு முடிவே கிடையாது. கணினிக்குள் ஒரு நாட்டை உண்டாக்கி, அதில் ஆறு, கோட்டை, காடு, சுரங்கம், சந்தை எல்லாவற்றையும் அமைத்து, பூதங்களையும் மந்திரவாதிகளையும் இடையிடையே உலவவிட்டிருக்கிறார்கள். உலகத்தின் பல மூலைகளில் இருந்து பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் அந்த நாட்டுக்குள் ஆளுக்கொரு பொம்மை உருவமாக நடமாடுகிறார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்காமல் இருக்க, அதே நாட்டைப் பல பிரதிகளாக வைத்து, ஒவ்வொன்றிலும் 2,000 பேர் வரை அனுமதிக்கிறார்கள். நான் குடிவந்திருக்கும் இதே ஊரில் படித்த ஆண்ட்ரூ கோவர் என்பவர் தன் தம்பி பாலுடன் சேர்ந்து உருவாக்கி, 2001 ஜனவரி 4 அன்று அதைத் திறந்துவிட்டார். அதை நடத்தும் நிறுவனம் இன்றும் கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறது. நான் விளையாட்டுக்குள் போய் இறங்கிய ஊரின் பெயரோ லம்பிரிட்ஜ். இரண்டையும் தம்பி மாற்றி மாற்றிச் சொன்னதால், நான் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு எங்கோ மாட்டுப் பண்ணையில் சேர்ந்துவிட்டேன் என்று அம்மா ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

நான் அதற்குள் போனதற்குக் காரணம் நைட் டியூட்டிதான். தொடர்ந்து மூன்று இரவு வேலை செய்துவிட்டு நான்காம் நாள் ஓய்வு கிடைத்தால், உடம்புக்கு எது பகல், எது இரவு என்று தெரிவதில்லை. இந்த மாதங்களில் இங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஊரே தூங்கும் நேரத்தில் நான் விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, உடன் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ், தான் பள்ளி நாட்களில் விளையாடிய இந்த விளையாட்டை என் மடிக்கணினியில் திறந்துகொடுத்தாள்.

முதலில் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாத்தியார் நிற்கிறார். மரம் வெட்டுவது, தீ மூட்டுவது, வலை போட்டு இறால் பிடிப்பது, மாவு பிசைந்து ரொட்டி சுடுவது, கனிமம் உருக்கிக் கத்தி அடிப்பது என்று ஒவ்வொன்றையும் நாம் செய்து காட்டிய பிறகே அடுத்த வாசல் திறக்கிறது. லண்டன் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது இப்படி ஒரு தீவு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டும்: பேருந்தை நிறுத்தக் கையை நீட்ட வேண்டும் என்பதும், குப்பைத் தொட்டிகளில் எது எந்த வாரத்துக்கு உரியது என்பதும், "ஆல்ரைட்?" என்று கேட்பவர் நம் உடல்நிலையை விசாரிக்கவில்லை என்பதும். தவறு செய்த பிறகுதான் ஒவ்வொன்றும் தெரியவருகிறது.

தீவை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது. ஒரு கோடாரி, ஒரு வலை, தீப்பெட்டி, வெண்கலக் கத்தி, கொஞ்சம் அம்புகள் என்று கையில் கொடுத்து லம்பிரிட்ஜ் கோட்டை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். கோட்டையின் மேல்மாடியில் ஒரு வங்கி இருக்கிறது. படியேறிப் போய்ப் பார்த்தால் என் பெயரில் ஏற்கெனவே கணக்குத் தொடங்கி அதில் 25 காசுகளும் போட்டு வைத்திருந்தார்கள். முகவரிச் சான்று கேட்கவில்லை. கேம்பிரிட்ஜில் கணக்குத் தொடங்க எனக்கு எத்தனை வாரம் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியுமே.

இனி மில்லுக்கு வருகிறேன். உங்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். கோட்டைச் சமையலறையில் ஒரு சமையற்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். அன்று அந்த ஊர்ப் பிரபுவுக்குப் பிறந்தநாள். கேக் செய்ய முட்டையும் பாலும் மாவும் இல்லை. புதிதாக வருகிற பெரும்பாலோருக்கும் முதல் வேலை அவற்றைத் தேடிக் கொண்டுவருவதுதான். கோழிப் பண்ணையில் முட்டை கிடைத்தது. வாளியோடு போய்ப் பசுவில் பால் கறந்தேன். மாவுக்கு, ஊருக்கு வடக்கே இருக்கிற காற்றாடி மில்லுக்குப் போக வேண்டும். பக்கத்து வயலில் கோதுமையை நாமே பறித்து, மில்லின் உச்சித் தளத்துக்கு ஏறி, அங்கே உள்ள தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், தரைத்தளத் தொட்டியில் மாவு விழுந்து கிடக்கும். கையோடு கொண்டுபோன பானையில் அள்ளிக்கொள்ளலாம்.

நான் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை பானை கொண்டுபோகவில்லை. இரண்டாம் முறை கோதுமையைப் போட்டுவிட்டு நெம்புகோலை இழுக்காமலே கீழே இறங்கி, காலித் தொட்டி அருகில் வெகுநேரம் நின்றேன். மில்காரர் மகள் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மாவு விழுந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் மில் வாசலில், மிளகாய் அரைத்த நெடியில் தும்மிக்கொண்டே தகர டப்பாக்களை வரிசைப்படுத்தி வைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் ஒன்று: அந்த மில்லில் கல் தேய்வதே இல்லை, யாரும் கல் கொத்துவதும் இல்லை. நீங்கள் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் ஆயிரம் குறை சொல்வீர்கள்.

இப்போது மாடு. ஆற்றுக்குக் கிழக்கே வேலி போட்ட ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சண்டை பழகவும், தோலை விற்றுக் காசு பார்க்கவும் புதியவர்கள் அங்கே மொய்க்கிறார்கள். ரத்தமோ கதறலோ கிடையாது; மாடு சாய்ந்து மறைந்து, சிறிது நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் வந்து நிற்கிறது. எலும்பைப் புதைத்தால் பிரார்த்தனைத் திறன் கூடுகிறது என்பது அந்த நாட்டுச் சாத்திரம். இவையெல்லாம் உங்களுக்குச் சமாதானம் ஆகாது என்று தெரியும். இருபதோ முப்பதோ மாடுகளைக் கொன்றேன். அன்றைய போனுக்குப் பிறகு அந்த வேலிக்குள் நான் போகவில்லை.

அதற்குப் பதிலாக மரம் வெட்டுகிறேன். எந்த வேலையைச் செய்தாலும் அதற்குரிய அனுபவப் புள்ளிகள் சேர்ந்து, படிகள் ஏறுகின்றன. முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு 83 புள்ளிகள் போதும். உச்சமான 99-ஆம் படிக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: சுமார் ஏழு படிகளுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகிக்கொண்டே போவதால், 92-ஆம் படியில் நிற்பவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டிய அதே கணக்கு, இங்கே கடன் வாங்காமலே நம் தலையில் ஏறுகிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கிறது. பார்க்கிறவர்கள் "ஜி இசட்" என்று எழுதுவார்கள். வாழ்த்து என்பதன் சுருக்கமாம். வார்டில் மூன்று மாதமாக ஒரு தவறும் இல்லாமல் மருந்து கொடுத்ததற்கு யாரும் வெடி போடவில்லை.

வெட்டிய மரத்தை விற்கப் பக்கத்து நகரமான வாராக்கில் பெரிய மண்டி ஒன்று இருக்கிறது. விற்பவர் தன் விலையை எழுதிவைக்க வேண்டும், வாங்குபவர் தன் விலையை எழுதிவைக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் சரக்கு கைமாறுகிறது. யாரிடம் விற்றோம் என்பது கடைசிவரை தெரியாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுவார்களே, அங்கே விலை மறைவு, ஆள் வெளிச்சம். இங்கே விலை வெளிச்சம், ஆள் மறைவு.

அந்த மண்டி வாசலில்தான் ஏமாந்தேன். உங்களிடம் மறைக்கப்போவதில்லை. "கொடுக்கிற பணத்தை இரட்டிப்பாகத் தருகிறேன்" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ஆயிரம் காசு கொடுத்தேன், இரண்டாயிரமாகத் திருப்பித் தந்தான். பிறகு கையிலிருந்த அத்தனையையும் கொடுத்தேன், ஆள் மறைந்துவிட்டான். பணம் கைமாறுவதற்கு முன்னால் "ஒன்றும் பெறாமல் கொடுக்கிறீர்கள், சம்மதமா?" என்கிற மாதிரி இரண்டு முறை திரையில் காட்டி ஒப்புதல் கேட்கிறார்கள், நான் இரண்டு முறையும் சம்மதம் கொடுத்திருக்கிறேன். ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தவள்தான் நான்.

அதே நாட்டில் நல்லவர்களும் இருக்கிறார்கள். டிரெய்னர் என்ற கிராமத்தில் நீர்க்கரையோரம் வரிசையாக நிற்கும் மரங்களில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் மணிக்கணக்கில் பேசாமல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். என் வெண்கலக் கோடாரியைப் பார்த்த ஒருவர், கேட்காமலே ஓர் எஃகுக் கோடாரியைத் தந்துவிட்டு மறுபடியும் வெட்டத் தொடங்கிவிட்டார். அங்கே பேச்சு முழுவதும் எழுத்துதான். தலைக்கு மேல் மஞ்சளாகத் தோன்றி மறைந்துவிடும். வார்டில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் பாதிப் பேர் "சாரி?" என்று காதை முன்னால் நீட்டுகிறார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது என் குரலே எனக்கு அந்நியமாகிவிடுகிறது. அந்த நீர்க்கரையில், எந்த மரம் எந்தப் படியில் வெட்டலாம் என்று நான் கேட்டதற்கு, ஓக் 15, வில்லோ 30 என்று உடனே பதில் வந்தது. யாரும் என்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் நான் கேட்டு முடித்த முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பணம் எவ்வளவு செலவாகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இதுவரை ஒரு பைசா இல்லை. மாதச் சந்தா கட்டினால் இன்னும் பெரிய நிலப்பரப்பு திறக்குமாம்; கட்டவில்லை. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு. விளையாட்டை நிறுவனம் காலப்போக்கில் ஏகமாக மாற்றிவிட்டதால், பழைய ஆட்கள் பழையதே வேண்டும் என்று கேட்க, 2013-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், சுமார் 4.5 லட்சம் பேர் வாக்களிக்க, 2007-இல் எடுத்துவைத்த பிரதியைத் தூசிதட்டித் திறந்தார்கள். நான் விளையாடுவது அந்தப் பழையதைத்தான். உருவங்கள் மரப்பாச்சி போல இருப்பதற்கும் அதுதான் காரணம். இன்றைக்கும் அதில் பெரிதாக எதையாவது புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 70 பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். காமன்வெல்த் நாட்டவள் என்ற முறையில் இங்கிலாந்தின் தேர்தலில்கூட எனக்கு வாக்கு உண்டு, லம்பிரிட்ஜில் கிடையாது.

டியூட்டி நாட்களில் அதைத் திறப்பதில்லை. ஓய்வு நாளில் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. சமையலை விட்டுவிடவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விளையாட்டில் பாதி இறாலைக் கருக்கினாலும், வீட்டில் ரசம் நன்றாகவே வருகிறது.

போன மாதம் கல் கொத்த ஆள் வருவதாகச் சொன்னீர்களே, வந்தாரா? பெல்ட்டை மாற்றிவிட்டீர்களா? அந்தக் காற்றாடி மில்லின் படத்தைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். நெம்புகோல் மேல்தளத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்