ஆண்டறிக்கை 2024-25: பொருளாளர் அண்ணன் கணக்கு நோட்டும் நாம கத்துக்கிட்டதும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் இருக்கற நம்ம மூத்தோர் சங்கத்தோட இந்த வருஷ அறிக்கைய செயலாளரா நான் வைக்கிறேன். வழக்கமா தெருவிளக்கு, தண்ணி, மழையில ரோடு போனது இதெல்லாம் தான் முதல்ல வரும். இந்த தடவை அத கடைசியில ரெண்டு வரியில சொல்லிடறேன், ஏன்னா வருஷம் பூரா நம்மள ஆட்டி வச்சது வேற ஒண்ணு, மறதி.

நம்ம பொருளாளர் அண்ணன பத்தி தான். அவர் சம்மதிச்சு, "எழுதுப்பா, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னதால தான் எழுதறேன். ஆடி மாச கூட்டத்துல கணக்கு நோட்டு பாத்தப்ப ஒரே ஆளோட சந்தா மூணு தடவை வரவு ஆகியிருந்துச்சு, சிலர் கட்டுனது ஏறவே இல்ல, கையில இருக்க வேண்டிய பணமும் இல்ல. பின்னாடி நாம பேசுனது எல்லாருக்கும் தெரியும், நானும் பேசினேன். கூட்டத்துலயே ஒருத்தர் "பணம் எங்கண்ணே போச்சு"ன்னு கேட்டுட்டார். அண்ணன் பதிலே சொல்லல, நோட்ட மூடி வச்சுட்டு எந்திரிச்சு போயிட்டார், மழையில குடைய கூட எடுக்கல. அப்புறம் ரெண்டு கூட்டத்துக்கு வரவே இல்ல.

கோயமுத்தூர்ல இருந்து அவர் பொண்ணு வந்து வீட்ட தேடுனப்ப பழைய காலண்டர் அட்டைக்கு பின்னாடி ஒரு கவர், மேல "சங்கப் பணம், தொடாதே"ன்னு அவர் கையெழுத்து. எண்ணிப் பாத்தா ஒரு ரூபா குறையல. அந்த பொண்ணு தான் நோட்டோட கடைசி பக்கத்த எனக்கு காமிச்சுச்சு. அதுல நம்ம கமிட்டி ஆளுங்க பேர் எல்லாம் வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு அடையாளம், என் பேருக்கு நேரா "செயலாளர், நீல ஸ்வெட்டர்". முப்பது வருஷமா டீக்கடையில பக்கத்துல பக்கத்துல உக்காந்த மனுஷன் என் பேர மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கார்ங்க. தனக்கு ஏதோ ஆகுதுன்னு அவருக்கு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, வெளிய சொல்ல பயந்து தனியா சமாளிச்சிருக்கார். நாம அவர திருடன்னு நினைச்சோம். சங்கத்தோட சார்பா இந்த அறிக்கையில அவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், இது மினிட்ஸ்லயும் ஏறணும்.

முதல்ல ஒரு கிளினிக்ல காமிச்சப்ப "வயசானா அப்படித்தான்"னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, அது எனக்கு இன்னும் ஆறல. அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டுல கீழ இறங்கி கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட போனோம், நானும் கூட போனேன். 30 மார்க்குக்கு ஒரு ஞாபக டெஸ்ட், மோகான்னு பேர், 26ஓ அதுக்கு மேலயோ வந்தா சாதாரணம்ங்கறாங்க. ஒரு வட்டம் போட்டு கடிகாரம் வரைஞ்சு முள்ள 11 மணி 10 நிமிஷத்துல வைக்க சொன்னாங்க. அண்ணன் நம்பர் எல்லாம் அழகா எழுதிட்டு ஒரு முள்ள 11லயும் இன்னொண்ண 2ல வைக்காம 10லயும் வச்சுட்டு நிமிந்து என்னை பாத்தார். நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன்.

அண்ணனுக்கு இருக்கறதுக்கு எம்சிஐன்னு பேர், அதாவது ஞாபகம் குறைஞ்சிருக்கு ஆனா குளிக்க, சமைக்க, பஸ் ஏற, கடைக்கு போக தானா முடியுது. அது முடியாம போனா தான் டிமென்ஷியா. எம்சிஐயோட டாக்டர்கிட்ட வர்றவங்கள்ல வருஷத்துக்கு 100க்கு 10ல இருந்து 15 பேர் வரைக்கும் டிமென்ஷியாவுக்கு போறாங்களாம், பலர் அப்படியே நிக்கறாங்க, சிலர் திரும்பி நல்லாவும் ஆகறாங்க. அதனால தான் ரத்த டெஸ்ட் முக்கியம். பி12 சத்து குறைவு, தைராய்டு, சுகர், ரத்தத்துல உப்பு அளவு, மன அழுத்தம், சில தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை இதெல்லாமும் மறதிய குடுக்கும், கண்டுபுடிச்சா சரி பண்ணலாம். அண்ணனுக்கு பி12 ரொம்ப கம்மி, ஊசி போட்டப்புறம் கொஞ்சம் தெளிவு, முழுசா இல்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர சொல்லியிருக்காங்க. டோனெபெசில் மாத்திரை வாங்கிக்கலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க, அது டிமென்ஷியாவுக்கு குடுக்கறது, நோய நிறுத்தாது, எம்சிஐக்கு பலன் இருக்குன்னு நிரூபணம் இல்ல. வல்லாரை கீரையா சாப்பிடுங்க, அத நம்பி டெஸ்ட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, நம்ம எஸ்டேட் லைன் வீட்டு அக்கா. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்த குடும்பம், பேனா புடிச்சதே இல்ல, அவங்களுக்கு இந்த கடிகார டெஸ்ட் வச்சா என்ன தெரியும்? அதனால டாக்டர் மகள்கிட்ட தான் கேட்டார், பத்து வருஷத்துக்கு முன்ன எப்படி இருந்தாங்க, இப்ப எப்படின்னு. ஹட்டிகள்ல, அதாவது படுகர் ஊர்கள்ல இருந்து வர்ற நம்ம உறுப்பினர்களும் வீட்டுல படுகு பேசறவங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பேசற பாஷையில கேட்டா தான் சரியா தெரியும். அக்காவுக்கு டிமென்ஷியா தான். சாயங்காலம் மிஸ்ட் இறங்குனா முக்காடு போட்டுக்கிட்டு "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி கத்துவான்"னு கிளம்பிடறாங்க (பெரட்டுன்னா தோட்டத்துல வேலைக்கு ஆள் எண்ணறது, கங்காணின்னா மேஸ்திரி). மூளையில புதுச பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதி தான் அல்சைமர்ங்கற டிமென்ஷியா வகையில முதல்லயே அடிபடுது, அதனால மதியம் சாப்பிட்டது போயிடுது, சிலோன் நுவரெலியா தோட்டம் அப்படியே நிக்குது. "அங்க இல்ல, இது கோத்தகிரி"ன்னு மகன் கத்துனப்ப அக்கா அழுதாங்க. இப்ப மகள் "இன்னிக்கு லீவும்மா, டீ குடிச்சுட்டு படு"ன்னு சொல்றாங்க, உக்காந்துடறாங்க. நம்ம பக்கம் கரடியும் காட்டெருமையும் இருட்டுனா ரோட்டுக்கே வருது, அதனால அக்கா போட்டோவ ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, ஜீப் ஓட்டறவங்க எல்லார்கிட்டயும் குடுத்திருக்கோம், ஸ்வெட்டர் உள்பக்கம் போன் நம்பர் தைச்சாச்சு.

2024ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையோட நிபுணர் குழு சொன்னதுல 14 காரணத்த சரி பண்ணா உலகத்துல 45 சதவீதம் வரைக்கும் டிமென்ஷியாவ தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்னு இருக்கு, அதுல பிரஷர், சுகர், புகை, காது கேக்காம போறது, தனியா கெடக்கறது எல்லாம் வருது. மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, வாங்கி வச்சுட்டு முழுங்காம இருக்காதீங்க. காது மெஷின் வேண்டாம்னு வெக்கப்படறவங்க தயவு செஞ்சு போட்டுக்கோங்க. ஊட்டியில 2025 ஏப்ரல்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தாச்சு, முதல்ல அங்க கேட்டு பாருங்க. பெரியவங்களுக்கான உதவி எண் 14567.

மத்தது: மாசக் கூட்டம் தவறாம நடந்துச்சு, தெருவிளக்கு மனு குடுத்தாச்சு, தண்ணி இன்னும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான், சந்தா பாக்கி இருக்கறவங்க கட்டிடுங்க.

கணக்கு இனிமே ரெண்டு பேர் கையெழுத்துல போகும். வரவு செலவ புது பொருளாளர் தங்கச்சி இப்ப வாசிப்பாங்க. பக்கத்துல அண்ணன் உக்காந்திருக்கார், ஒவ்வொரு ரசீதா எடுத்து குடுப்பார்.