காக்கைக்கு வைத்த சோறு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்த உன் மகள் தத்துவத்தில் எம்.ஏ. சேரப்போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளா? "வாழ்நாளெல்லாம் அதையே படிக்கிறாய், பிரயோஜனம் உண்டா சொல்" என்கிறாய். ரிட்டயரான வங்கி கிளார்க்கிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, கேட்டுவிட்டாய்.

போன மாதம் அப்பாவின் திதி. இந்த வருஷம் செய்யப்போவதில்லை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கடவுளும் மறுமையும் கிடையாது என்ற பழைய நாத்திகர்களான சார்வாகர்கள் கொடுத்த தைரியம். இங்கே போடுகிற சோறு செத்தவருக்குப் போய்ச் சேருமென்றால், வெளியூர் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே இலை போட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் அவர்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியை 14-ஆம் நூற்றாண்டில் எதிரணிக்காரரான மாதவர் என்ற வேதாந்தியே, பல தத்துவங்களையும் தொகுத்த தன் சர்வதரிசன சங்கிரகத்தில் எழுதிவைத்துக் காப்பாற்றியிருக்கிறார். நம் குண்டலகேசி கதையும் அதுதான். பௌத்தக் காப்பியம் சில பாடல்கள் தவிரத் தொலைந்துபோயிற்று. அது என்ன வாதிட்டது என்பதை, அதை மறுக்க எழுந்த சமண நீலகேசியை வைத்துத்தான் ஊகிக்கிறோம். எதிராளி சொல்வதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட்டு அப்புறம் மறுப்பது, அதாவது பூர்வபட்சம், இந்த ஒரு பழக்கத்துக்காகவே உன் மகளைச் சேர்த்துவிடலாம். எங்கள் குடியிருப்பு சொசைட்டி மீட்டிங்கில் ஒருவருக்கும் அது கிடையாது.

ஆனால் மணிமேகலையின் 27-ஆம் காதை என்னை மடக்கியது. கண்ணால் காண்பதே மெய் என்கிற பூதவாதியிடம் அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? என்னிடம் பதில் இல்லை. கட்டுச்சோற்றுக் கேள்விக்கு அம்மாவிடமும் இல்லை. அவள் வாதிடவே இல்லை, சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் வெறும் காபி. அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

திதிக்கு முதல் நாள், அதைச் செய்துவைக்கும் வாத்தியாருக்குப் போன் போட்டேன். மும்பையில் காக்கைக்கா பஞ்சம்? ஜன்னல் கம்பியில் நாலு வந்து உட்கார்ந்தன. நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே. அம்மா சாப்பிட்டாள்.

உன் மகளைப் படிக்க விடு. சம்பளத்துக்கு மட்டும் வேறு வழியும் யோசித்து வைக்கட்டும். பாடத்திட்டத்தில் நீலகேசி இருக்குமா என்பது சந்தேகம். 1991-ல் என்னிடமிருந்து நீ எடுத்துப்போன பிரதி இருக்கிறதல்லவா, அதை அவளிடம் கொடுத்துவிடு. எனக்குத் திருப்ப வேண்டாம்.

உன்,
ராமு