கடற்படைக்கும் நாற்காலிக்கும் ஒரே மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பத்திரிகைகளில் வெளிநாட்டு இதழ்கள் பற்றிய பேச்சு அபூர்வம். எழுந்தாலும் அரசியல் வார இதழ்களோடு நின்றுவிடும். பக்க வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், லண்டனிலிருந்து வரும் ‘மோனோக்கிள்’ பற்றி உங்கள் வாசகர்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அந்த இதழ் 2007இல் தொடங்கியபோது அச்சு இதழ்களின் சாவுக்குப் பலரும் நாள் குறித்துவிட்டிருந்தார்கள். ஐபோன் வந்ததும் அதே ஆண்டுதான். முன்பு ‘வால்பேப்பர்’ என்ற வடிவமைப்பு இதழைத் தொடங்கிய டைலர் ப்ரூலே அந்த நேரம் பார்த்து, புத்தகம்போல் தடித்த முதுகோடு ஆண்டுக்குப் பத்து இதழ் என்று களத்தில் இறங்கினார். சந்தா கட்டினால் தள்ளுபடி என்பதுதானே பத்திரிகை வழக்கம்? இங்கே கடையில் 5 பவுண்டுக்கு விற்ற இதழுக்கு ஆண்டுச் சந்தா 75 பவுண்டு! அப்படியும் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள்.

முதல் இதழின் அட்டையில் ஜப்பானியக் கடற்படை. உள்ளே வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடர். உலக விவகாரம், வணிகம், கலாசாரம், வடிவமைப்பு என்ற பகுதிகளின் ஆங்கிலப் பெயர்கள் ஏ, பி, சி, டி என்று வரிசையாகவே தொடங்கும். என்னைக் கட்டிப்போட்டது இந்த வரிசைதான். பிற இதழ்களில் வடிவமைப்பு என்பது ஞாயிறு இணைப்புக்கான சமாச்சாரம். இங்கே ஒரு நாட்டின் தூதரகக் கட்டடமும் அதன் வெளியுறவுக் கொள்கையும் ஒரே பேச்சில் வருகின்றன. வாழத் தகுந்த நகரங்களைப் பட்டியலிடும்போது குற்றங்களின் எண்ணிக்கையோடு வெயில் கிடைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். விலைக்குக் கிடைக்கும் பொதுப்படங்களை எடுத்து ஒட்டுவது அவர்கள் பழக்கமில்லை. ஆள் அனுப்பி எடுக்கிறார்கள். நாற்காலி பற்றிய கட்டுரை என்றால் அதைச் செய்தவர் தன் பட்டறையில், ஜன்னல் வெளிச்சத்தில், நம்மை நேராகப் பார்த்தபடி நிற்பார். பக்கத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்த இடத்தில் இன்னொரு பெட்டிச் செய்தியைத் திணிக்காமலிருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது பக்கம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. ஆடம்பரக் கைக்கடிகார விளம்பரங்களுக்கு நடுவே, பல பக்கங்களில் உலகம் விமானநிலைய ஓய்வறையிலிருந்து பார்த்ததாகவே தெரிகிறது. பேருந்துக்கு நிற்பவருக்கும் நல்ல நிழற்குடை வடிவமைப்பு வேண்டும் என்று நினைக்கும் எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு இதழையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சிறப்பிதழில் ஒரே ஒரு நீண்ட கட்டுரைக்காவது புகைப்படக்காரரை நேரில் அனுப்புங்கள். அவர் பெயரைக் கட்டுரையாளர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்