லாடம் அடித்த குதிரைக்கு உரிமையாளர் இல்லையா?

மதுரை வட்டாரத்தில் சாரட் வண்டிக்கும் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்பவர்களுக்கு,

வணக்கம். சென்ற மார்கழியில், அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதிக்கும் கடச்சனேந்தலுக்கும் இடையே, ஒரு வெள்ளைக் குதிரை இருட்டிலிருந்து பாய்ந்து வந்து என் தம்பியின் மொபெட்டில் மோதியது. விடியற்காலை நான்கு மணி இருக்கும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுபோய்க்கொண்டிருந்தான். மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து விலை உச்சத்தில் நிற்கும் காலம். கிடைக்கும் கொஞ்சம் பூவையும் வாடுவதற்குள் சேர்த்துவிட வேண்டும். பூ ரோட்டில் கொட்டியது. வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கைகொடுத்தது. அதற்குப் பிறகு வேலையில்லாமல் வீட்டில் கிடந்த மாதங்களுக்குத்தான் கேட்பாரில்லை.

உங்களில் சிலர் இதைப் படித்ததும், "அது ஊர் சுற்றும் அநாதைக் குதிரையாக இருக்கும்" என்பீர்கள். இல்லை. 108 ஆம்புலன்ஸ் போன பிறகு அந்தக் குதிரையை டீக்கடைக்காரர்தான் பிடித்துப் புளியமரத்தில் கட்டியிருக்கிறார். நான்கு குளம்பிலும் லாடம். ஆணித்தலைகூடத் தேயாத புது லாடம். பிடரியை மட்டமாக வெட்டி, வாலைப் பின்னிச் சிவப்பு நூலால் முடிந்திருந்தார்கள். கழுத்தில் அறுந்த கயிறு ஒரு முழத்துக்குத் தொங்கியது. பொழுது விடிவதற்குள் ஓர் இளைஞர் வந்து, அடிபட்டவன் யார், உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்காமல், குதிரையின் தொடையில் இருந்த சிராய்ப்பை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். குதிரையைத் தேடி வருவதற்கு ஆள் இருந்தது. அது செய்த சேதத்துக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

நஷ்ட ஈடு கேட்டு நாங்கள் ஏறி இறங்கிய படிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நம்பிப் போனது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாகிவிட்டது. மோதியது லாரியாக இருந்தால் அதன் காப்பீட்டு நிறுவனத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். நிற்காமல் ஓடிப்போன வண்டியாக இருந்தால்கூட, 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஓடிப்போனது மோட்டார் வாகனமாக இருக்க வேண்டும். குதிரைக்கு நம்பர் பிளேட்டும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. தம்பியின் சொந்த பாலிசியில் 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று அதையும் எடுத்துப் பார்த்தோம். அது உயிர் போனாலோ, கை கால் கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கிப்போனாலோதான். தம்பிக்குக் கால் இருக்கிறது. ஊன்றி நடக்கத்தான் முடியவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சிவில் கோர்ட்டிலும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டுக்குமே எதிர்த்தரப்பில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் கோட்டைக்குப் போகாமல் உங்களுக்கு வருவதற்குக் காரணம் அதுதான்.

அரசிடம் கேட்கலாமே என்பீர்கள். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், தெருவில் திரியும் விலங்குகளால் அடிபட்டவர்களுக்கு அரசே முதலில் இழப்பீடு தர வேண்டும், அதற்கு மாவட்டந்தோறும் குழு அமைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது இங்கே கட்டுப்படுத்தாது. தவிரவும், வால் பின்னிய குதிரையின் கடனை வரி கட்டுகிறவர்கள் ஏன் அடைக்க வேண்டும்?

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது. சாரட் வண்டி கொட்டகையில் நிற்கும், குதிரை மட்டும் தின்றுகொண்டே இருக்கும். கொள்ளும் புல்லும் விற்கிற விலையில், ராத்திரி அவிழ்த்துவிட்டால் கண்மாய்க் கரையில் மேய்ந்துவிட்டு வரட்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நீங்கள் மிச்சம் பிடிக்கும் தீவனச் செலவை, நான்கு மணிக்கு அந்த வழியாகப் போகிற பூக்காரனும் பால்காரனும் எலும்பால் கட்டுகிறார்கள். தளை போட்டு மேய விடுங்கள், அல்லது கொட்டகையிலேயே கட்டிப் போடுங்கள்.

ஊர் பேர் தெரியாத குதிரை என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. பந்தயச் சுவரொட்டியில் பெரிய குதிரை, நடுக்குதிரை என்று பிரித்து, எந்த ஊர் யார் வண்டி என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். வண்டி ரோட்டில் வரும்போதே, இன்னார் குதிரை என்று அரை மைல் தூரத்தில் அடையாளம் சொல்கிறவர்கள் நீங்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் விடுகிற காளைக்கு இணையத்தில் பதிவு உண்டு, மருத்துவச் சான்று உண்டு. ராத்திரி முழுக்கப் பொதுச் சாலையில் நிற்கிற குதிரைக்கு ஒன்றுமே வேண்டாமா? தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரையும் சேரும். 2024 முதல் பிரீமியத்தில் உரிமையாளர் பங்கு 15 சதவீதம்தான். குதிரை செத்தால் உங்களுக்குப் பணம் வரும். குதிரை தள்ளிவிட்டவன் செத்தால் அந்தப் பாலிசியில் அவன் வீட்டுக்கு எதுவும் வராது. மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு வேண்டும் என்று நீங்களே சங்கமாகக் கூடிக் கேட்டால், காப்பீட்டு நிறுவனங்களும் அரசும் காது கொடுக்கும். அதுவரை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி வைக்கலாம். பந்தயத்தில் முதல் பரிசுக்கும் சாரதிக்கும் பணம் திரட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா என்ன!

இனி, அந்த வெள்ளைக் குதிரையின் உரிமையாளருக்கு. உங்களை ஜெயிலுக்கு அனுப்பி எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் எதையெல்லாம் கணக்கில் எடுக்குமோ, அதை மட்டும் எடுப்போம்: சிகிச்சைக்கும் பயணத்துக்கும் ஆன செலவு, போன வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்ட எங்கள் அம்மாவின் கூலி, வலிக்கு ஒரு தொகை. ரசீதுகள் இருக்கின்றன. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே ஆகும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். நாளைக்கு நாங்கள் மேலும் கேட்போமோ என்ற பயமும் உங்களுக்கு வேண்டாம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கினால் கையில் பணம் புரளும். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். முன்பின் தெரியாத எங்கள் வீட்டுக்கு வரத் தயக்கமாக இருந்தால், குதிரையைக் கட்டி வைத்திருந்த அந்த டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனால் போதும். நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
அடிபட்ட பூ வியாபாரியின் அண்ணன்