டிக்டாக்கில் கணக்கு, கையில் தடைச் சட்டம்

ஆசிரியருக்கு,

2024 அமெரிக்கத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இளைஞர் ஓட்டை ஏன் கோட்டை விட்டது என்ற உங்கள் கட்டுரை, பழியில் பாதிக்கு மேல் பைடனின் வயது மீது போட்டிருக்கிறது. வயதும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டிக்டாக் கூத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! இளைஞர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று பிப்ரவரியில் பைடனின் பிரசாரக் குழு டிக்டாக்கில் கணக்குத் தொடங்கியது. ஏப்ரலில் அதே பைடன், சீன நிறுவனம் அதை விற்காவிட்டால் தடை என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், அப்புறமும் வீடியோ போடுவது நிற்கவில்லை.

மிச்சிகனில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அதுதான் முதல் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பைடன் விலகியதும் வேட்பாளரான கமலா ஹாரிஸை வைத்து, ஒரு பாப் ஆல்பத்தின் அட்டை பாணியில் வந்த பச்சை நிற மீம்களைக் காட்டிச் சிரிப்பான். சரி, ஓட்டும் அவருக்குத்தானா என்றால் "அது வேற, இது வேற மாமா" என்பான். அவன் பேச்செல்லாம் வீட்டு வாடகை, காசா, படிப்புக் கடன். 2022-ல் பைடன் அறிவித்த 10,000 டாலர் கடன் தள்ளுபடியை அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்கு அவரைத் திட்டுவது நியாயமில்லைதான், ஆனால் தவணை கட்டுகிறவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

டிரம்ப் மட்டும் யோக்கியமா, 2020-ல் டிக்டாக்கைத் தடை செய்யப் பார்த்தவரே அவர்தான். இருந்தும் இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் ஜோ ரோகனின் பாட்காஸ்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து கதையடித்தார். டிரம்பை அறவே பிடிக்காத எங்கள் பையன் அதை முழுசாகக் கேட்டிருக்கிறான்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்