ஹை-ஹாட்டுக்கு இருபது நிமிடம் கொடுங்கள்

சேலம், ஏற்காடு வட்டாரத்தில் கச்சேரிகளுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்யும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அம்மாப்பேட்டைக்காரன். மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கிறேன். உங்களில் பலர் போட்ட மேடைகளில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். வேனிலிருந்து ஸ்பீக்கர் இறக்கி, வெயிலில் கேபிள் இழுத்து, எல்லோரும் பந்திக்குப் போன பிறகும் மிக்ஸரை விட்டு நகராமல் நிற்கும் உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எலக்ட்ரானிக் டிரம் செட் போடும்போது சிம்பல் தட்டுகளையும், காலால் மிதித்துத் திறந்து மூடும் தட்டான ஹை-ஹாட்டையும் கடைசி நிமிட வேலையாக விடாதீர்கள். அதற்கென்று இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் டிரம்மர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கட்டும்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நாம் எல்லோரும் ஆக்டோபேடில் பழகியவர்கள். அது குச்சியால் தட்டும் ரப்பர் பேடுகள் கொண்ட ஒரே பெட்டி. ஸ்டாண்டில் வை, பவர் கொடு, லைன் எடு, முடிந்தது. எலக்ட்ரானிக் டிரம் செட் வந்தபோதும் அதே மாதிரிதான் நினைத்தோம். டிரம்ஸுக்கு ஏழெட்டு மைக் வைக்கும் வேலை மிச்சம், மைக் கீச்சிடும் பீட்பேக் தொல்லை இல்லை என்று உங்களுக்கும் நிம்மதி. ஆனால் இந்தச் செட்டில் ஒவ்வொரு சிம்பலும் தனித்தனி கருவி. ஒவ்வொன்றுக்கும் தனி சென்சார், தனி கேபிள், சத்தத்தை உருவாக்கும் பெட்டியான மாட்யூலில் தனி அமைப்பு. கிக், ஸ்னேர் போன்ற டிரம்கள் ஓரளவு சொன்னபடி கேட்கும். சிம்பல் அப்படிக் கேட்காது, ஹை-ஹாட் சுத்தமாகக் கேட்காது.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு திருமண வரவேற்பு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கிக்கொண்டே மேலே வந்த செட். ஆறரைக்கு நிகழ்ச்சி, ஆறேகாலுக்குத்தான் என்னை உட்காரவிட்டார்கள். முதல் பாட்டு மெதுவான மெலடி. ஹை-ஹாட்டை மூடி வைத்து டிக் டிக் என்று நடத்த வேண்டிய பாட்டு. நான் பெடலை முழுக்க மிதித்திருக்கிறேன், ஸ்பீக்கரில் ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று திறந்த சத்தமே வருகிறது. பாடிய பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் வியர்த்துவிட்டது. மூன்றாவது பாட்டு முடிந்து குனிந்து தடவிப் பார்த்தால், பெடலிலிருந்து மாட்யூலுக்குப் போகும் கேபிள் பாதி வெளியே வந்து நிற்கிறது. நீளம் போதாத கேபிளை டேப் சுற்றி ஸ்டாண்டு காலோடு இறுக்கியிருந்தார்கள், நான் மிதிக்க மிதிக்க அது கழன்றிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. அந்த அரை அங்குலத்துக்காக மூன்று பாட்டு போனது.

அந்த இடத்தில் யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் மதியத்திலிருந்து சாப்பிடாமல் நின்றவர்கள்தான்.

நம் பஜனை மடங்களில் பாருங்கள், நாதஸ்வரக் கச்சேரியில் பாருங்கள். தாளம் பிடிப்பவர் ஒரு ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் காலப்பிரமாணம் அவர் கையில். தட்டி விட்டால் ஓசை நீளும், தட்டிப் பிடித்தால் அடங்கும். அந்த விடுதலும் பிடித்தலும்தான் பாட்டை நடத்துகிறது. டிரம் செட்டில் அந்த வேலையைச் செய்வது ஹை-ஹாட். அது திறந்ததா மூடியதா என்று தெரியாமல் போனால், பாடுகிறவருக்குக் காலடியில் தரை இல்லாத மாதிரி. அதிலும் நம் ஊர் கொலுசு செய்கிற ஊர். உள்ளே முத்துப் போட்ட கொலுசுக்கும் வெளியே சலங்கை கோத்த கொலுசுக்கும் வித்தியாசத்தை நடந்து வரும் சத்தத்திலேயே சொல்லிவிடும் ஜனம் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குப் பெயர் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் கேபிள். சிம்பலுக்கு ஸ்டீரியோ கேபிள்தான் போட வேண்டும். பின்னைப் பார்த்தாலே தெரியும்: இரண்டு கருப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மோனோ. கையில் கிடைத்த கிட்டார் கேபிளைச் செருகினால் நடுப்பகுதி மட்டும் பேசும், ஓரத்தில் அடித்தால் வர வேண்டிய கிராஷ் சத்தம் வராது. கையால் பிடித்து ஓசையை அடக்கவும் முடியாது. சில மாட்யூல்களில் சிம்பலே ஒழுங்காக ஒலிக்காது. தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பலில் நடுக் குமிழான பெல் தனியாகப் பேச வேண்டுமென்றால் ரோலண்டின் பல மாடல்களுக்கு இரண்டு கேபிள் தேவை, யமஹாவில் ஒன்றே போதும். ஒரு கம்பெனியின் ஹை-ஹாட்டை இன்னொரு கம்பெனி மாட்யூலில் போட்டால் பெரும்பாலும் சண்டைதான் வரும், கலந்து கட்டாதீர்கள். ஒரே கம்பெனி என்றாலும், எந்த மாடல் பேடு என்பதை மாட்யூலில் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

அடுத்து சிம்பலை மாட்டுவது. விலை குறைந்த சிம்பல்களில் ஓரத்துச் சென்சார் முழு வட்டத்துக்கும் இருக்காது, ஒரு பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் டிரம்மரைப் பார்த்து இருக்க வேண்டும். சுற்றாமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பரைத் தயவுசெய்து தொலைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் நான்காவது பாட்டில் சிம்பல் மெல்லத் திரும்பிக்கொள்ளும், நான் அடிப்பது ஊமைப் பக்கமாகிவிடும். மேலே உள்ள நட்டை முறுக்கி இறுக்காதீர்கள், சிம்பல் கொஞ்சம் ஆட வேண்டும்.

ஹை-ஹாட்டுக்குத்தான் நிறைய நேரம் வேண்டும். எங்கள் பக்கம் வரும் செட்களில் பெரும்பாலும் இரண்டு கேபிள்: ஒன்று அடியைச் சொல்வது, இன்னொன்று கால் எவ்வளவு மிதித்திருக்கிறது என்று சொல்வது. இரண்டாவதை மறந்தால் ஏற்காட்டுக் கதைதான். நிஜ ஸ்டாண்டில் மாட்டுகிற வகை என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மேல் தட்டைப் பிடித்திருக்கும் கிளட்ச் திருகைத் தளர்த்தி, அந்தத் தட்டைக் கையோ காலோ படாமல் கீழே உள்ள சென்சார் மேல் தானாக உட்கார விட்டு, அந்த நிலையில் மாட்யூலில் சென்சாரின் தொடக்க நிலையான ஆப்செட் அளவைச் சரி செய்ய வேண்டும். அப்புறம்தான் தட்டைத் தூக்கி, டிரம்மர் காலுக்கு ஏற்ற இடைவெளியில் இறுக்க வேண்டும். இந்த இடைவெளியை எனக்காக நீங்கள் வைக்க முடியாது. என் கால் வேறு, அடுத்தவர் கால் வேறு. டிரம்மர் உட்கார்ந்திருக்கட்டும் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். பாதி திறந்த சத்தம் என்று ஒன்று உண்டு, ஷ்க் ஷ்க் என்று மணல் மாதிரி வரும். குத்துப் பாட்டுக்கு அதுதான் உயிர். அது வருகிற வரை விடாதீர்கள்.

டாம் டிரம்மை அடித்தால் கிராஷ் சிம்பல் தானாகப் பேசுகிறதா? உடனே மாட்யூலைத் திருகாதீர்கள். முதலில் செட்டைத் தாங்கும் சட்டமான ராக்கின் கிளாம்புகளைப் பாருங்கள். மலை ஏறி வந்த செட்டில் இரண்டு கிளாம்பாவது தளர்ந்திருக்கும். இறுக்கிய பிறகும் பேசினால், ஒன்றின் அதிர்வு இன்னொன்றைத் தூண்டாமல் தடுக்கும் கிராஸ்டாக் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். எவ்வளவு மெல்லிய அடி வரை ஏற்பது என்று சொல்லும் திரெஷோல்டைக் கண்டபடி ஏற்றினால் ரைடில் போடும் மெல்லிய அடிகள் காணாமல் போய்விடும்.

மிக்ஸருக்கு ஒரே லைன்தான் மிச்சம் என்றால் மாட்யூலின் இடது அவுட்டில் எடுங்கள். மோனோ என்று எழுதியிருப்பது அதில்தான். வலதை மட்டும் எடுத்தால் இடப்பக்கம் தள்ளி வைத்த சிம்பல்கள் மங்கிப்போகும். டிரம்மருக்கு ஒரு மானிட்டரும் வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும். ரப்பர் சிம்பல் தானாகச் சத்தம் போடாது. காதில் விழாவிட்டால் கை தானாக ஓங்கி அடிக்கும், அது உங்கள் சென்சாருக்குத்தான் கேடு.

இதில் எதற்கும் புதுச் செலவு இல்லை, இரண்டு மூன்று நல்ல ஸ்டீரியோ கேபிள் தவிர. நான்கு மணிக்கு வரச் சொன்னால் நான் மூன்றரைக்கே வந்து நிற்கிறேன். ராக் தூக்க, கேபிள் சுற்ற, என்ன வேலை சொன்னாலும் செய்கிறேன். வேறு டிரம்மர் வருகிற கச்சேரி என்றாலும் ஒரு முறை கூப்பிடுங்கள். உங்கள் மாட்யூலுக்கு ஏற்றபடி ஹை-ஹாட் அமைப்பை உங்கள் பையன்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

அன்புடன்,
அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு டிரம்மர்